மச்சான் போட்ட பிளான்

மலாயாவில், தங்காக் ஊரில் எங்கள் ஜவுளிக்கடைக்கு இரண்டு பங்காளிகள். ஒருவன் நான், மற்றவர் என் மனைவியின் அண்ணன். எங்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்து சபர் வந்தவர்கள் முறை வைத்துத்தான் ஊர் போவார்கள். ஒருவர் போய்த் திரும்பினால் அடுத்தவர் கப்பலேறலாம். சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்குகிற ஏற்பாடு இது. மச்சானுக்கு மட்டும் விளங்கவில்லை.

நான் கிளம்பி வந்தபோது மனைவி பிள்ளை உண்டாகியிருந்தாள். பெண் பிறந்ததும், தவழ்ந்ததும், நடந்ததும் எல்லாம் எனக்குக் கடிதத்தில்தான் வந்து சேர்ந்தன. அடுத்து ஊர் போகும் முறை என்னுடையது. அந்த நேரம் பார்த்துத்தானா மச்சானுக்கு இங்கிலீஷ் பித்துப் பிடிக்க வேண்டும்! பசாருக்குப் பின்னால் குடியிருந்த யாழ்ப்பாணத்து வாத்தியாரிடம் பாடம் கேட்கப் போனவர், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“மாப்புள்ள, இனிமே எதையும் பிளான் பண்ணித்தான் செய்யணும்.”

“ஊருக்குப் போக என்ன பிளான் மச்சான்? சிங்கப்பூருக்குப் போனா கப்பல் நிக்கிது.”

“அவசரப்படாதீங்க லா. ராயா வருது. கைலி வியாபாரம் முடியட்டும், போலாம்.”

நோன்புப் பெருநாளான ராயா முடிந்தது. சீனப் பெருநாள் வந்தது. அது முடிந்தால் ரப்பர் தோட்டத்துத் தமிழ் ஜனங்களின் தீபாவளி. அதற்குள் நோன்பு மறுபடி தலைகாட்டியது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று சாதிக்கும் துணி விற்கிறவனுக்குப் பெருநாள் இல்லாத மாதம் ஏது? மச்சான் துணி சுற்றி வந்த பழுப்புத் தாளைச் சுவரில் ஒட்டி, மாதங்களைக் கட்டம் கட்டி, என் பயணத்தை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிக்கொண்டே போனார். தள்ளும்போதெல்லாம் ஒரு பெருமிதம் வேறு.

பொறுக்க முடியாமல் நானே வாத்தியாரிடம் போனேன். “அப்படி என்னதான் சொல் ஐயா இது?” என்று கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். அது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்ததாம். முதலில் வீடு கட்டும் இடத்தைத் தட்டையாக வரைந்து காட்டும் படத்துக்குத்தான் அந்தப் பேர். காரியத்தை முன்கூட்டி யோசிப்பதற்கு அதையே வினையாக்கியது பிறகுதான். சமதரை என்பதிலிருந்து வந்தது என்பார் சிலர், நடுவது என்பதிலிருந்து என்பார் சிலர். எனக்குச் சந்தேகமே இல்லை. மச்சான் நட்டு வைத்திருந்தது என்னைத்தான்.

இதற்கிடையில் அவர் மட்டும் இரண்டு தடவை ஊர் போய் வந்துவிட்டார். முதல் தடவை அவர் உம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை. மறு தடவை வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும். அவசரத்துக்குப் பிளான் கிடையாதாம். எனக்கு வந்த கோபத்தில் சீட்டித்துணியைக் குறுக்கே கிழித்து, வாங்க வந்த அம்மாளிடம் ஏச்சு வாங்கினேன்.

எங்களிடமும் ஒரு சொல் இருக்கிறது, நிய்யத்து. மனசுக்குள் வைத்துவிட்டால் போதும், தாள் வேண்டாம், கட்டம் வேண்டாம். நானும் வைத்தேன். சீனப் பெருநாள் வியாபாரம் நெரிசலாக இருந்த ஒரு காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கினேன். கஜக்கோலும் கையுமாக மச்சான் வாசல்வரை ஓடி வந்தார்.

“இது பிளான்ல இல்லியே மாப்புள்ள!”

திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று பயமாக இருந்தது. பார்க்காமலே நடந்தேன்.

நாகப்பட்டினத்தில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தபோது, குர்ஆன் ஓதப் போகும் வயதுப் பெண்ணொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் உம்மாவின் அதே நெற்றி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

“வாப்பா வந்திருக்காங்க, கிட்டப் போ” என்றாள் என் மனைவி.

மகள் வரவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டாள்.

“ஒங்களுக்குக் கடையை விட்டு வர மனசே இல்லன்னு மாமா சொன்னாங்களே, இப்ப மட்டும் ஏன் வந்தீங்க?”