பழைய சாயம் என்று நினைத்தார்

சீனியண்ணே!

களத்தில் மிளகாய் வத்தலைப் பரப்பிக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு வந்த பஸ்ஸை நிறுத்திவிட்டு, கண்டக்டர் இறங்கி என்னைப் பார்த்து நடந்து வந்தார். அப்படி வந்தால் நல்ல சேதியாக இருக்காது. "உங்க அண்ணன் விடியக்காலம் தவறிட்டாகம்மா" என்றார்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுதான் என் படிப்பு. தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பெயர் சீனிவாசன். அப்பா இறந்ததும், மீசை முளைக்கும் முன்பே அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறையில் சேர்ந்தார். சாயப்பொடியை வெறுங்கையால் அள்ளிக் கொதிதண்ணீரில் கொட்டுவார்கள். கழியில் நூலைக் கோத்து முக்குவார்கள். பொடி பறந்தால் துண்டால் மூக்கைத் துடைப்பதோடு சரி. அண்ணன் எச்சில் துப்பினாலும் நிறம்தான். சோறு பிசைந்தால் சோறும் சிவக்கும். அந்தச் சம்பாத்தியத்தில்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அவர் கையைப் பார்த்து, "மருதாணி பொண்ணுக்கா, அண்ணனுக்கா?" என்று கேலி பேசினார்கள். "எனக்கு வருசம் பூராக் கல்யாணம்ல!" என்றார்.

பட்டறை ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. சிவப்பில் நூல் முக்கின நாளில் ஒன்றுக்குச் சிவப்பாகப் போனால் சந்தோஷப்படுவார்கள். உள்ளே போன சாயம் வெளியேறிவிட்டதாம். அதன்மேல் ஒரு செம்பு மோர் குடிப்பார்கள்.

தோள்வலியால் அண்ணன் அந்த வேலையை விட்டுப் பாலவனத்தத்தில் டீக்கடை போட்டார். வருஷங்கள் ஓடிவிட்டன. கையும் வெளுத்தது. அதற்கப்புறம்தான் ஒருநாள் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. "உள்ள கெடந்த பழைய சாயம் இப்பத்தான் கழியுது தாயி" என்று என்னிடம் சிரித்தார். தானாக நின்றது. மோர்தான் நிறுத்தியது என்றார். மறுபடி வந்தது. கட்டிகட்டியாக ரத்தம் விழுந்த பிறகே மதுரைக்குக் கூட்டிப்போனோம்.

மூத்திரப்பையில் புற்று என்றார் டாக்டர். மூச்சிலும் தோலிலும் உள்ளே போன பொடியை உடம்பு மூத்திரத்தோடு தள்ளுமாம். அது தள்ளும்வரை பையில் தங்கி, அந்தச் சதையைக் கெடுக்குமாம். கெட்ட சதை அடங்காமல் வளர ஆரம்பிக்க எத்தனையோ வருஷம் ஆகுமாம்.

"நான் அந்த வேலைய விட்டு ரொம்ப நாளாச்சே, சார்?"

"கெட்டது அப்பவே கெட்டுப்போச்சு. இப்பத்தான் வெளிய தெரியுது. எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும்னு சொல்லவும் முடியாது. நீங்க பீடி வேற குடிச்சிருக்கீங்க."

ஊர் திரும்பியதும் அண்ணன் கம்பை ஊன்றிப் பட்டறைக்குப் போனார். ஒரே தொட்டியில் அவரோடு நூல் முக்கின சுப்பையாண்ணனிடம், "ஏலே, சிவப்பாப் போனா சாயம்னு இருந்துறாத. அது ரத்தம்டா. வலிக்காது, அதான் ஏமாத்திரும்" என்றார்.

"வலிக்காததெல்லாம் ஒரு சீக்கா? டீ ஆத்துறவன் வைத்தியம் பாக்க வந்துட்டான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் கோபப்படவில்லை. மறுநாளும் போனார். பொடி அள்ளும்போது மூக்கைக் கட்டச் சொன்னார், கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சோற்றைத் தொடச் சொன்னார். நடக்க முடிந்த மட்டும் போய்ச் சொன்னார். அப்புறம் படுத்துவிட்டார்.

இன்று காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது சுப்பையாண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "தங்கச்சி, எனக்கும் சிவப்பாப் போகுது. பங்குனிப் பொங்கலுக்கு முந்தியே. அம்புட்டுப் பேசிட்டு, அவன்கிட்டச் சொல்ல வெக்கமாப் போச்சு."

"வெக்கத்தத் தூக்கிப் போடுங்கண்ணே. காலைல மதுரைக்கு மொத பஸ்ஸு. நானும் வாரேன்" என்றேன்.

பிரிக்காமல் விட்ட பந்தல்காலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கொடுத்த காப்பி ஆறிக் கிடக்கிறது.

போய் வாங்க, சீனியண்ணே. இவரையாவது நான் நேரத்தோடு கூட்டிப் போகிறேனா?