வெறுங்கொம்பு

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்? என்னைப் பெற்றவள் பட்ட பாட்டை நான் பெற்ற நீ கேட்டு, கேட்ட கையோடு போனில் நாலு பேருக்குச் சொல்லிச் சிரிப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு? அடுப்பில் பால் பொங்குகிறது, இறக்கு என்றால் காது கேட்காது. பழைய சண்டை என்றால் மட்டும் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாய். சரி, உட்கார். ஆனால் கடைசியில் 'பெரியப்பா பாவம்' என்று சொன்னாயோ, கரண்டி பறக்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையைப் பார்த்த காட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். கார்த்திகையில் அப்பா அதில் சின்ன வெங்காயம் நட்டார். நட்ட எட்டாம் நாள் வரப்பில் பாம்பு கடித்தது. மினி பஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. பாம்பின் மேல் கோபம், மினி பஸ்ஸின் மேல் கோபம், செருப்புப் போடாமல் போன அப்பாவின் மேல் அதைவிடக் கோபம். அந்த வருஷம் நான் சோற்றைவிடக் கோபத்தைத்தான் அதிகம் தின்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பாவின் அண்ணன், பக்கத்து வீட்டுப் பெரியப்பா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சட்டம் சொன்னார். அவர் வீட்டுக்குத் துக்கம் அன்றோடு சரி. எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷம். வாசலில் கோலம் கூடாது, பொங்கல் பானை கூடாது, மாட்டுக்குக்கூட மஞ்சள் பூசக் கூடாது. ஒரே வயிற்றில் பிறந்த தம்பிக்கு இவ்வளவுதான் துக்கமா என்று யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. மோட்டார் கொட்டகைச் சாவி மட்டும் அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அம்மா அவர் வாசலில் போய் நின்றால்தான் எங்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர். இன்னும் நாலு தண்ணீர் பாய்ந்தால்தான் காய் பருக்கும்.

"சொன்னதத் தாண்டுனா, சாவி கேட்டு இந்தப் பக்கம் வந்துறாத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கீழப்பழுவூர்க்காரி. வாயாடி என்று பெயர் வாங்கி வந்தவள். அவள் வாயே திறக்கவில்லை. காட்டுக்குப் போவாள், வருவாள், முந்தானையை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போயிற்று. எனக்கு அவள் மேலும் கோபம்.

பொங்கலன்று பெரியம்மா ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். தொட மாட்டேன் என்று சபதம் செய்தேன். அரை மணி நேரம் தாங்கியது சபதம். முந்திரி வேறு போட்டிருந்தாள் பாவி. அது இனித்ததில் ஆத்திரம் இன்னும் ஏறியது.

மறுநாள் மாட்டுப் பொங்கல். குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் இரண்டு காளைகளும் நீலக் கொம்பு, சிவப்பு நுனி, கழுத்தில் பலூன் என்று மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகையில் எங்கள் செவலைப் பசு, வெறுங்கொம்போடு சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. மத்தியானம் ஊர் மாடுகளெல்லாம் கோயில் திடலுக்குப் போயின. பெரியப்பா வீட்டில் ஒருவரும் இல்லை. பெயிண்ட் டப்பா இரண்டும், துணி சுற்றிய குச்சியும் சுவர் மேலேயே இருந்தன.

செத்தது எங்கள் அப்பா. பசு யாரைக் கொன்றது? அதற்கு எதற்குத் தண்டனை?

நீல டப்பாவை எடுத்தேன். வலது கொம்பில் பூசினேன். பசு தலையை ஆட்டி என் பாவாடைக்கும் பாதி பூசியது. என்றாலும், அந்த இருட்டுக் கொட்டகையில் ஒற்றைக் கொம்பு மட்டும் பளீரென்று நின்றபோது எனக்கு அழுகை வந்தது. அப்போது திடலில் பித்தளைத் தட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. மாடுகள் திரும்புகின்றன என்று பயந்து, டப்பாவைச் சுவரில் வைத்துவிட்டுச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் சாவி ஞாபகம் வந்தது. காய்ந்த வெங்காயத் தாள் கண்ணுக்கு முன்னால் ஆடியது.

வெகுநேரம் கழித்துப் பெரியப்பாவின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பசுவுக்கு இரண்டு கொம்பும் நீலமாக இருந்தன. இடது கொம்பு என் வேலையைவிடச் சுத்தம். ஒரு சொட்டு வழியவில்லை. நுனியில் மருதாணி வைத்த விரல் மாதிரி சிவப்பு. எனக்கு வந்த முதல் கோபம் என்ன தெரியுமா? யார் அது, என் கொம்பைவிட அழகாகப் பூசியது என்று.

அம்மா கொட்டகை வாசலில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரை சாணி. பண்டிகை நாளில், அதுவும் அந்த நேரத்தில், யாராவது வறட்டி தட்டுவார்களா? படுத்தே கிடந்தவளுக்கு என்ன வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

"யாரு பூசுனது? தம்பி செத்து ரெண்டு மாசம் ஆவல, அதுக்குள்ள இந்த வூட்டுக்குச் சிங்காரம் கேக்குதா?" என்று பெரியப்பா குதித்தார்.

அம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "மாட்டுக்கு என்னங்க மாமா துக்கம்? அதுக்கு எந்தப் புருசன் செத்தான்?"

"வாய் திரும்பிருச்சா? நல்லது. வெங்காயம் காயட்டும், தானா அடங்கும்." சாவியை இடுப்பில் இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அழுவாள் என்று பார்த்தேன். சாணியை வழித்துப் போட்டாள், ஒரு மூலையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

மறுநாள் விடிந்ததும் பெரியப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாவியை நீட்டி, "தண்ணி பாச்சிக்க" என்றார். அதற்குப் பிறகு அறுவடை வரை ஒரு தடவைகூட மறுக்கவில்லை. தெருவில் அவரைப் பார்க்கிறவர்களெல்லாம் கும்பிடாத குறை. நானோ அம்மாவோடு நாலு நாள் பேசவில்லை. உயிரைக் கொடுத்துப் பூசியது நான். திட்டியது அவர். அப்படியிருக்க முதல் நாள் சாயங்காலம் அடிபம்பில், "யாருடி உங்க மாட்டுக்குப் பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்ட தெருப் பெண்கள் அத்தனை பேரிடமும் இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் கோபம் வராதா?

"வேற யாரு, எங்க பெரிய மாமாதாங்க. தம்பி மாடு வெறுங்கொம்போட நிக்கிறதப் பாக்கச் சகிக்கலன்னு அவரே பூசி வுட்டாரு. தண்ணிக்கும் நீ கவலப்படாத, சாவி ஒன்னுதுன்னுட்டாரு. வெளிய கத்துவாரு, அது சும்மா. அந்த மனசு யாருக்குங்க வரும்?"