விம்கோ நகரிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர்: காய்ச்சல் நாளின் வழி

இந்த வலைப்பூவை இதுவரை மலைப்பாதைகளுக்கும் கோட்டைகளுக்கும் போகிறவர்களே வாசித்து வந்தார்கள். கடந்த பதினான்கு மாதங்களில் நான் மேற்கொண்ட பயணம் ஒன்றே ஒன்றுதான்: திருவொற்றியூர் விம்கோ நகரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நகரின் தென்பகுதியில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும். ஒரு வழி இருபத்திரண்டு கிலோமீட்டர். எங்கள் மகள் ஆக்னஸுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறாள். இதே வழியில் குழந்தையை அழைத்துப் போகவிருக்கும் பெற்றோர் சிலர் விவரம் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன், மருத்துவன் அல்லன். மருத்துவம் பற்றி இங்கே வருவதெல்லாம் எங்களுக்குச் சொல்லப்பட்டவை மட்டுமே.

முதலில் வழக்கமான நாள். காலை ஐந்தே முக்கால் வாக்கில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நாற்பத்திரண்டு நிமிடத்தில் சின்னமலை. ஆளுக்கு நாற்பது ரூபாய். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய், பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் கடைசிப் பெட்டியில் கூட்டம் இராது. முகக்கவசம் அணிந்த குழந்தைக்கு ஒரு வரிசையே கிடைக்கும். திரும்பும்போது மெட்ரோ வேண்டாம். பிற்பகல் கூட்டத்தில் எத்தனை இருமல் என்று எண்ணியே நமக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

திரும்புவதற்கு எங்களுக்கு, கஜா என்று நாங்கள் அழைக்கும் கஜேந்திரனின் ஆட்டோ. ஐந்நூற்று இருபது ரூபாய், பேசி முடித்தது. கடற்கரைச் சாலை, ராயபுரம், காசிமேடு, எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர்கள் அந்தச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது எரிச்சல், ஆக்னஸுக்கு விளையாட்டு. நீலப் பெட்டிகளை மட்டும் எண்ணுவாள். எண்ணிக்கையை நான் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஊசி போட்ட களைப்பிலும் எண்ணாமல் வந்ததில்லை.

இனி, நான் எழுத வந்த நாள். சென்ற ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் கொடுத்த மருந்தால் அவளுடைய வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. அத்தகைய நாட்களில் காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால் உடனே புறப்பட வேண்டும், நாங்களாக மாத்திரை கொடுக்கக் கூடாது, கிருமிக்கான ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை நெகிழி உறையிட்டுக் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டியவனே நான்தான்.

பிற்பகல் மூன்று முப்பத்தைந்துக்கு ஆக்னஸ் வந்து, "அப்பா, குளுருது. போர்வ குடு" என்றாள். ஆடி மாதத்துப் பிற்பகலில் விம்கோ நகரில் யாருக்கும் குளிர்வதில்லை. மூன்று நாற்பதுக்கு வெப்பமானி 100.6 காட்டியது. அப்போதே செருப்பை மாட்டியிருக்க வேண்டும். நானோ, போர்வைக்குள் இருந்ததால் கூடியிருக்கலாம் என்று எண்ணினேன். போர்வையை விலக்கி, பதினைந்து நிமிடம் கழித்து, வீட்டிலிருந்த இன்னொரு வெப்பமானியால் பார்த்தேன். 100.2. இரண்டு சான்றுகள் முரண்பட்டால் மூன்றாவது தேவை என்பது என் தொழில் எனக்குள் ஊறவைத்த பழக்கம். மீண்டும் பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். நான்கு பத்துக்கு 101.3. மூன்றையும் நேரத்தோடு அதே குறிப்பேட்டில் குறித்துக்கொண்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா ராயபுரத்துக்காரி. முதல் அளவைப் பார்த்ததுமே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள். மூன்றாவதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, "சாட்சி விசாரிச்சது போதும்பா. கஜா கீய நிக்கிறான், எறங்கு" என்றாள். அவனுக்கு எப்போது தொலைபேசினாள் என்று எனக்குத் தெரியாது.

நான்கு பதினெட்டுக்குப் புறப்பட்டோம். மெட்ரோவில் போயிருந்தால் நேரம் மிஞ்சியிருக்கலாம். ஆனால் அந்த வெள்ளையணுக்களோடு மாலைக் கூட்டத்துக்குள் அவளைக் கொண்டுபோக மனம் வரவில்லை. அது சரியான முடிவா என்பதில் இன்றும் எனக்கு உறுதியில்லை.

நான்கு இருபத்தாறுக்கு எங்கள் பக்கத்துக் குறுக்குத் தெரு விரைவுச் சாலையைத் தொடும் முனைக்கு வந்தோம். டிரெய்லர் வரிசை முனையை அடைத்து நின்றது. அதைத் தாண்டினால்தான் வண்டிகள் ஓடும் தடத்துக்குப் போக முடியும். இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. வரிசை நகரும்போது ஓட்டுநர்கள் அதையும் உடனே மூடிவிடுவார்கள். திறந்த இடத்தில் பக்கவாட்டிலிருந்து வேறொரு டிரெய்லர் மூக்கை நுழைத்துவிடும். பின்னால் திரும்பி வேறு தெரு தேடவும் வழியில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி.

நான் இறங்கிப்போய் முனையில் நின்ற டிரெய்லரின் ஓட்டுநரிடம் பேசினேன். பொதுவழியை மறிப்பது குற்றம் என்றும், அது எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்றும் விளக்கினேன். நாற்பது வயதிருக்கும், நாமக்கல் பக்கத்துப் பதிவெண். அவர் என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "பதினோரு மணி நேரமா நிக்கிறனுங்க. கேஸ் போடுங்க, வாங்கிக்கிறேன். எடம் மட்டும் உட முடியாதுங்க" என்றார்.

கஜா வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். "இன்னா சார் நீ, இங்க வந்து லா பாயிண்ட் பேசிகினு கீற. அவரு லைன் பூடும்னு அவரு பேஜாரு. நீ வண்டியில குந்து."

அதற்குள் ஸ்டெல்லா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். ஆக்னஸின் தலையிலிருந்த துணித் தொப்பி நழுவியிருந்தது. ஸ்டெல்லா குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, கொயந்திக்கு ரத்தத்துல புத்துண்ணே. ஜொரம் வந்துகீது. ஊசி போட அடையாறு பக்கம் போவணும்."

அவர் முடி உதிர்ந்த அந்தத் தலையைப் பார்த்தார். இருக்கைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் நிறத் தண்ணீர்க் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு என்பதைப் பிறகு கஜா சொல்லித்தான் அறிந்தேன். சாப்பிடவோ குளிக்கவோ போகிற ஓட்டுநர், தன் வண்டிக்கு முன்னால் கேனை வைத்துவிட்டுப் போவார்; முன்வண்டி நகர்ந்து இடம் திறந்தாலும் அது அவருடையதே. கேன் நிற்கிற இடம் ஆள் நிற்கிற இடம். அதை இடித்துத் தள்ளி நுழைகிறவனுக்கு மறுமுறை அந்தச் சாலையில் டீகூடக் கிடைக்காது. அதை எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை.

வரிசை நகர எட்டு நிமிடம் ஆயிற்று. என் வாழ்வில் நான் காத்திருந்த எந்தத் தீர்ப்பும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. முன்வண்டி பத்தடி முன்னே போயிற்று. அவர் தன் வண்டியை நகர்த்தாமல், இடைவெளியில் ஆட்டோ போக வழிவிட்டு, ஓர் ஓரமாகக் கேனை வைத்து, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பக்கவாட்டில் ஒரு டிரெய்லர் உறுமியது. அவர் கேனைக் காட்டினார். அது அடங்கியது. எங்களை ஏற்றிக்கொண்டு கஜா கடந்தான். நான் நன்றி சொல்லத் தலையை வெளியே நீட்டியபோது, "பாப்பாவப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு தடையில்லை. ஆக்னஸ் ஸ்டெல்லாவின் மடியில் கண்ணை மூடிக் கிடந்தாள். சாலை நெடுகிலும் நீலப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் ஒன்றையும் எண்ணவில்லை. மூன்று வெப்பமானி அளவுகளும் சொல்லாததை அது எனக்குச் சொல்லிற்று. ராயபுரத்தில் தேவாலயத்தின் எதிரே கஜா வழக்கம்போல வேகத்தைக் குறைத்தான். ஸ்டெல்லா எப்போதும் அங்கே சிலுவை வரைந்துகொள்வாள். அன்று, "நிறுத்தாத கஜா. மாதா வண்டியிலதான் குந்திகினு கீறாங்க" என்றாள்.

ஐந்து முப்பத்தொன்பதுக்கு மருத்துவமனை. காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று செவிலியர் கேட்டார். குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். மூன்று அளவுகள், மூன்று நேரங்கள், கீழே என் சுருக்கொப்பம். அவர் முதல் வரியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு தடவ பாத்தா போதும் சார்" என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. அப்படியிருந்தால் பதில் வாதம் ஏதாவது வைத்திருப்பேன்.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு முதல் ஊசி ஏறியது. ரத்தத்தில் கிருமி இருந்தது பின்னர் உறுதியாயிற்று. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் தாமதித்த அந்த முப்பது நிமிடங்களைப் பற்றி மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இதே வழியில் செல்லவிருப்பவர்களுக்கு: காய்ச்சல் நாளில் ஆட்டோவா, மெட்ரோவா, 108 ஆம்புலன்ஸா என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி, சிகிச்சைக் கோப்பு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றோடு ஒரு பை எப்போதும் வாசலருகே இருக்கட்டும். மாலை நான்கு முதல் ஏழு வரை குறுக்குத் தெரு வழியாக விரைவுச் சாலையைத் தொடாதீர்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே தொடர்ந்து போங்கள், இரண்டு கிலோமீட்டர் கூடினாலும் நேரம் குறையும். வீட்டில் ஒரு வெப்பமானி போதும். இரண்டாவதை நான் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். குழந்தை குளிர்கிறது என்று சொன்னால், குளிர்கிறது.

ஏழாம் நாள் காலை வீடு திரும்பினோம். காசிமேடு தாண்டியதும் டிரெய்லர் வரிசை தொடங்கியது. நாமக்கல் பதிவெண்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவருடைய வண்டி இல்லை. ஆக்னஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, நான் எண்றேன். நீ எழுதிக்கோ."

விம்கோ நகர் முனையில் முடிவைச் சொன்னாள்: நாற்பத்தொன்று. எனக்கு நாற்பத்து மூன்று என்று பட்டது. அந்த மூன்று அளவுகளுக்குக் கீழே, அவள் சொன்னதை எழுதிக்கொண்டேன்.