வீட்டுக்குப் போக யாருக்குப் பயம்?

1. ஒரே ஒரு சொல்லுக்காக நடந்த சண்டை

"ஏன் மேடம், ஆம்பளைக்கு ஊட்ல அடி வுழாதா?"

தனசேகர் இப்படிக் கேட்டதும் மீட்டிங் ரூமே சிரித்துவிட்டது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆறடி உயரம், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் சீனியர் ஆபரேட்டர், யூனியன் செயலாளர். அவர் குரலை உயர்த்தினால் எங்கள் ஜி.எம். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்வார். அப்படிப்பட்ட ஆள் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். இப்போது ரிட்டயராகி திருவேற்காட்டில் இருக்கிறேன். ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அனுபவம் கேட்டால் கேன்டீன் ஸ்டிரைக்கையோ போனஸ் தகராறையோ சொல்வதில்லை. இதைத்தான் சொல்வேன். எழுத உட்காரும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

அன்றைய மீட்டிங் ஒரு புதிய பாலிசிக்காக. வீட்டில் வன்முறைக்கு ஆளாகிற ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவு, கேட்ட ஷிஃப்ட், கம்பெனி கேட்டில் பாதுகாப்பு. அடிக்கிறவரும் இதே கம்பெனியில் வேலை செய்தால் அவரைத் தொலைவில் இருக்கும் யூனிட்டுக்கு மாற்றிவிடலாம். நான் எழுதிய டிராஃப்ட்டில் "பெண் ஊழியர்" என்று இருந்தது. தனசேகர் அந்தப் "பெண்" என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்.

"நாட்டுச் சட்டமே புகார் குடுக்கிறவங்க பெண்ணுன்னுதானே சொல்லுது? நாம ஏன் மாத்தணும்?" என்றார் ஜி.எம்.

"சட்டம் இருக்கிறவங்க சட்டத்தாண்ட போய்க்குவாங்க சார். சட்டம் இல்லாதவனுக்குத்தானே கம்பெனி பாலிசி வோணும்?"

நல்ல பதில். நானே ஒரு நிமிடம் அசந்துபோனேன். ஆனால் அசெம்ப்ளி லைன் சூப்பர்வைசர் மேரி விடவில்லை. மாங்காட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். அவருடைய லைனில் முழுக்கப் பெண்கள்.

"அண்ணே, என் லைன்ல கன்னம் வீங்கி வர்ற பொண்ணுங்களை நான் தினம் பாக்கிறேன். 'யாரா இருந்தாலும்'னு எழுதிப் பாருங்க. அடிக்கிறவன்தான் மொத ஆளா வந்து உக்காருவான்."

"அதுக்காக அடி வாங்குறவனை வெளிய நிறுத்துவியா மேரிம்மா?"

மேஜையைத் தட்டினார்கள், எழுந்து நின்றார்கள். கடைசியில் ஜி.எம். சலித்துப்போய், "ரெண்டு பேர் சொல்றதும் சரி மாதிரிதான் இருக்கு. 'எந்த ஊழியரும்'னு போடுங்க, என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்றார்.

2. மோகனின் கையில் பல் தடம்

பாலிசி நோட்டீஸ் போர்டில் ஏறிய அதே வாரத்தில் முதல் ஆள் வந்தான். பிரஸ் ஷாப் மோகன். கன்னத்தில் நகக் கீறல், முன்கையில் பல் பதிந்த தடம். கூடவே தனசேகர்.

"பாத்தீங்களா மேடம்? ஆம்பளைக்கு அடி வுழாதான்னு கேட்டேன்ல? பாருங்க இத!" தனசேகரின் கண் கலங்கியிருந்தது. ஒரு யூனியன் உறுப்பினருக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

மோகனின் மனைவி செல்வியும் எங்கள் கம்பெனிதான். மேரியின் லைனில் கான்ட்ராக்ட் வேலை. மோகன் கேட்டது ஒன்றே ஒன்று: செல்வியை இந்தப் பிளான்ட்டிலிருந்து மாற்ற வேண்டும். கான்ட்ராக்ட் ஆளை மாற்றுவது என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். வேலை போய்விடும்.

ஜி.எம். கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். "காயம் கண்ணுக்கு முன்னால இருக்கு. பாலிசி இருக்கு. வேற என்ன வேணும் மேடம்?"

"ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா பேசிட்டுச் சொல்றேன் சார். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

மோகன் என் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். மேஜையில் இரண்டு செல்போன்களை வைத்தான். ஒன்று செல்வியுடையது. "அவகிட்ட இருந்தா சும்மா பேசிகினே இருப்பா மேடம், அதான் நான் வெச்சிகீறேன்." மனைவியின் கோபம், அவள் அக்காவின் தலையீடு என்று நிறையச் சொன்னான். நான் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டேன்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போக உங்களுக்குப் பயமா இருக்கா மோகன்?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "இன்னா மேடம், காமெடி பண்றீங்க? அவளைப் பாத்து நான் பயப்படணுமா? அவதான் என்னைப் பாத்துப் பயப்படணும்!"

எனக்கு முதுகு நிமிர்ந்தது. அவனே சொல்லிவிட்டான்!

அடுத்து செல்வி. உள்ளே வந்தவள் உட்காரவில்லை. "நான் இங்க வந்தது அவருக்குத் தெரியுமா மேடம்?" என்றுதான் முதலில் கேட்டாள். அறைக் கதவைச் சாத்தி, உட்கார வைத்து, கடித்தது நீதானா என்று கேட்டேன்.

"ஆமாம் மேடம். நான்தான்."

மறுப்பாள் என்று நினைத்திருந்தேன். இப்படி நேராக ஒப்புக்கொள்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஏம்மா?"

அவள் தன் கையை மடித்துக் கழுத்துக்கு முன்னால் வளைத்து, மோகன் பின்னாலிருந்து இறுக்கிய விதத்தைக் காட்டினாள். முழங்கை மடிப்பு தொண்டைக்குக் கீழே. முன்கை வாய்க்கு நேரே. மோகனின் கையில் பல் தடம் இருந்த அதே இடம்.

"மூச்சு வரல மேடம். கையை எடுக்க வைக்க வேற வழி தெரியல. கடிச்சேன், கீறினேன். விட்டுட்டார். 'இரு, உன் வேலைக்கே வேட்டு வைக்கிறேன்'னு சொன்னார்."

வீட்டுக்குப் போகப் பயமா என்று அவளிடம் கேட்கவே தேவையிருக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன். எங்கே போவது என்ற முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும்.

"இன்னிக்குப் போனா என்னை விடமாட்டார் மேடம். ஆவடியில அக்கா வீடு இருக்கு. அங்க போகணும். ஆனா கேட்ல பைக்கோட நிப்பாரே."

3. லாரி கேட்

ஷிஃப்ட் முடியச் சிறிது நேரம்தான் இருந்தது. செல்வியிடம் அனுமதி கேட்டு மேரியையும் தனசேகரையும் மட்டும் கூப்பிட்டேன். மேரி கேட்டு முடித்ததும் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். தனசேகர் சுவரில் சாய்ந்தபடி நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தனசேகர், மெயின் கேட்ல மோகனை நீங்கதான் பிடிச்சு வைக்கணும். உங்களைத்தான் அவன் நம்புறான்."

"வெச்சிக்கிறேன் மேடம்," என்றார்.

சைரன் அடித்தது. மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். மோகன் பைக்கில் சாய்ந்து, வெளியே வரும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். தனசேகர் போய் அவன் தோளில் கை போட்டார். "வாப்பா, உன் மேட்டர்தான் பேசணும், ஒரு டீ போட்டுகினே பேசலாம்." கீழிருந்து அந்தக் குரல் எனக்கே கேட்டது. அந்தக் கனமான கைக்குக் கீழிருந்து மோகனால் நழுவ முடியவில்லை. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். இரண்டு தடவையும் தனசேகர் அவனைக் கடைப் பக்கம் திருப்பினார்.

அதே நேரம் பின்பக்கம், சரக்கு லாரிகள் மட்டும் போகும் கேட் திறந்தது. மேரியின் ஸ்கூட்டர். பின்னால் மேரியின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு செல்வி. ஒரு லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போய் ரோட்டில் ஏறி மறைந்தார்கள்.

எவ்வளவு நேரம் போனை முறைத்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. மணி அடித்தது. மேரிதான்.

"ஆவடி வந்துட்டோம் மேடம்! அக்கா வீட்டுக்குள்ள இருக்கோம்!"

நான் போட்ட சத்தத்தில் அக்கவுன்ட்ஸ் ஆட்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் மோகன் என் அறைக்கு வந்து, "என் பொண்டாட்டிய எங்க மறைச்சி வெச்சிகீறீங்க?" என்று மேஜையில் குத்தினான். குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் அவள் போய்விட்டாள், இனி கோர்ட்டிலிருந்து தகவல் வரும் என்று சொன்னேன். பிற்பாடு கோர்ட் அவளுக்குப் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தது. வேலையும் போகவில்லை. நாங்கள் ஷிஃப்ட் மாற்றியது மோகனுக்குத்தான்.

4. தனசேகர் பேசினார்

மீண்டும் மீட்டிங். மேரி உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "சொன்னேன்ல சார்? மொத ஆளா அடிக்கிறவன்தான் வந்தான்! இப்பவாவது 'பெண்'ணுன்னு மாத்துங்க."

ஜி.எம். தலையாட்டினார். "மாத்திடுங்க மேடம். தனசேகர், இனிமே நீங்க பேசறதுக்கு ஒண்ணும் இல்லையே?"

"கீது சார்."

வழக்கமான குரல் இல்லை அது.

"அந்த மோகன் என்னைத்தான் சார் ஏமாத்திட்டான். அவன் கையில அந்தக் காயத்தைப் பாத்ததும், அப்பாடா, நமக்குத் துணைக்கு ஒரு ஆள் வந்துட்டான்னு நெனச்சேன். நான் வாங்குன அடியை அவன் திருடிகினு போய்ட்டான்."

ஜி.எம். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். தனசேகர் தொடர்ந்தார்.

"ஷிஃப்ட் முட்ஞ்சா எல்லாரும் ஊட்டுக்கு ஓடுவான். நான் கேட்டாண்டயே நிப்பேன். யூனியன் வேலைன்னு நெனப்பீங்க. எனக்கு ஊட்டுக்குப் போக பயம் சார். என் பொண்டாட்டி அயர்ன் பாக்ஸ என் முதுகுல வெச்சிருக்கா. தூங்கும்போது வெந்நி ஊத்திருக்கா. கத்துனா, 'நீதான் என்னை அடிச்சேன்னு சொல்வேன், உன் சைஸுக்கு எவன் உன்ன நம்புவான்'னு கேப்பா. கரெக்டுதானே? எவன் நம்புவான்?"

மேரி மெதுவாகக் கேட்டார். "இதை அன்னிக்கே ஏண்ணே சொல்லல?"

"நீங்கல்லாம் சிரிச்சீங்களே."

"நீங்களும்தானே சிரிச்சீங்க?"

"நான் சிரிக்கலன்னா தெரிஞ்சிடுமே மேரிம்மா."

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் சர்வீஸின் உச்சம். மேரியே நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "சரிண்ணே, எழுதுவோம். உங்களையும் விடக் கூடாது, இன்னொரு மோகனையும் உள்ள விடக் கூடாது. எப்படி எழுதலாம் சொல்லுங்க."

மதியச் சாப்பாட்டை மறந்து எழுதினோம். ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல, மற்றவர் அதில் ஓட்டை கண்டுபிடிக்க, அடித்து அடித்து எழுதினோம். வன்முறை என்பது ஒரு அடியோ ஒரு காயமோ மட்டும் இல்லை. ஒருவரை இன்னொருவர் பயத்தில் வைத்து ஆளுவது என்று எழுதினோம். போனைப் பிடுங்கி வைப்பதும் அதில் வந்தது, 'உன்னை யாரும் நம்பமாட்டார்கள்' என்று மிரட்டுவதும் வந்தது. உயிர் தப்பிக்கத் திருப்பிக் கடித்ததை வன்முறைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது மேரியின் வரி. எந்த ஊழியரும் வரலாம் என்பது தனசேகரின் வரி. பெரும்பாலும் இதற்கு ஆளாகிறவர்கள் பெண்கள் என்பதையும் மறைக்காமல் முதல் பத்தியிலேயே போட்டோம். தனசேகர் அதற்குத் தடை சொல்லவில்லை. "உண்மைதானே மேடம், போடுங்க" என்றார்.

நான் சேர்த்தது ஒன்றுதான்: இந்தப் பாலிசி உதவி கேட்டு வந்தவரைக் காப்பாற்றும், வராத ஒருவரின் வேலையைப் பறிக்காது. இடமாற்றப் பிரிவை எடுத்துவிட்டோம். மோகன் நுழைந்த வழி அதுதான்.

அடுத்த வாரம் தனசேகர் லீவு எடுத்துக்கொண்டு குத்தம்பாக்கத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனார். அந்த லீவுக்கு ஜி.எம். காரணம் கேட்கவில்லை.

அதன் பிறகு என் அறைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேரி சொன்னது சரி. ஆண்களும் வந்தார்கள், கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் வேறு ஏதேதோ பேசிய பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். தனசேகர் சொன்னதும் சரி.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆணா பெண்ணா என்ற சண்டையில் சீக்கிரமாக ஒரு கட்சியில் சேர்ந்துவிடாதீர்கள். காயத்தைப் பார்த்த உடனே கையெழுத்தும் போடாதீர்கள். இருவரையும் தனித்தனியாக உட்கார வையுங்கள், அவசரப்படாமல் கேளுங்கள். முக்கியமாக, யாராவது ஒருவர் இதைப் பற்றி வேடிக்கையாகக் கேள்வி கேட்டு மொத்த அறையும் சிரித்தால், மீட்டிங் முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கேள்வியை ஏன் கேட்டீங்க?" என்று கேளுங்கள்.