பிள்ளையாருக்குச் சுற்றிய வைக்கோல்

பி.பி.ஏ.வில் இன்டர்நேஷனல் பிசினஸ் எடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "ஏர்போர்ட்ல வேல குடுப்பானா?" கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். இன்டர்நேஷனல் என்றால் அவருக்கு விமானம். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எதற்குமே எனக்குப் பொறுமை இருந்ததில்லை. வகுப்பில் சார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். சரக்கு கப்பலில் ஏறும்வரை யார் பொறுப்பு, வழியில் மூழ்கினால் யார் தலையில் விடியும் என்பதற்கெல்லாம் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் உண்டு. பதினொன்றையும் திருப்போரூர் பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்தவள் நான்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு மற்றவர்கள் இணையத்தில் கிடைத்த கம்பெனிகளைப் பற்றி எழுதினார்கள். நான் நிஜமாகவே ஒரு ஏற்றுமதி செய்து காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்த அக்கா ஒருத்தியை மாமல்லபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் ரோட்டோரமாகச் சிற்பப் பட்டறை வைத்திருந்தார். அவரை நான் மாமா என்பேன். அவர் செதுக்கிய சாமிகள் எத்தனையோ வெளிநாடு போயிருந்தன, ஆனால் ஒரு டீலர் வழியாக, டீலரின் பெயரில். கல்லை டீலரின் குடோனில் இறக்குவதோடு மாமாவின் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் அதை எப்படிக் கட்டுகிறார்கள், எப்படி ஏற்றுகிறார்கள் என்பதை அவர் பார்த்ததே இல்லை.

அந்த வருடம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஊர் சுற்ற வந்த ஒருவர் பட்டறை வாசலில் நின்று, தங்கள் ஊரில் கட்டும் கோயிலுக்கு நாலரை அடிப் பிள்ளையார் ஒன்று வேண்டும் என்று கேட்டு, கார்டும் கொடுத்துவிட்டுப் போனார். நான் விடவில்லை.

"நேரா அனுப்பலாம் மாமா. டீலரே வேணாம்."

"உன் புக்ல கீறது நெசமா நடக்குமா, கப்பல்காரம்மா?" அன்றிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் அது.

"மூணு நாலு பேப்பர்தான் மாமா. நான் பாத்துக்கறேன்."

"மூணு நாலு பேப்பர்ன்ற. அதுக்கா அந்த ஆளு இத்தினி வருசம் என் தலைல மொளகா அரைச்சான்?"

மாமா சிரித்தார், சம்மதித்தார். ஏற்றுமதி லைசென்ஸுக்கு அவர் பெயரிலேயே விண்ணப்பித்தேன். பாஸ்போர்ட்டும் எடுக்க வைத்தேன். சாமி சிலைக்குக் கண்ணைப் பட்டறையில் திறக்க மாட்டார்கள். அது நிற்கப்போகும் இடத்தில், கும்பாபிஷேகத்துக்கு முன்னால், செதுக்கியவரே போய்த் திறக்க வேண்டும். அதுவரை கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேடுதான். மாமா அதற்காக ஒரு சின்ன உளியைப் புதிதாக அடித்து, மஞ்சள் துணியில் சுற்றி, பாஸ்போர்ட்டோடு பீரோவில் வைத்திருந்தார். விமானத்தில் உளியைக் கையில் வைத்திருக்க விடுவார்களா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

மரப்பெட்டி விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். பூச்சி போகச் சூடேற்றி முத்திரை குத்திய பலகைதான் வேண்டும் என்று அலைந்து வாங்கினேன். பெட்டி வந்த அன்று அக்கா வைக்கோலோடு வந்தாள். திருப்போரூரில் அவள் அப்பா வயலில் அடித்த புது வைக்கோல். அதைப் புரியாகத் திரித்து, சிலையின் காது, விரல், தும்பிக்கை என்று ஒவ்வொன்றாகச் சுற்றினாள். அந்தப் பட்டறையில் சிலை கட்டுவது எப்போதும் அவள்தான்.

"கோயமுத்தூரு, பெங்களூரு, எங்க போனாலும் என் கட்டுல ஒரு வெரலு ஒடஞ்சதில்ல தெரியுமா? தும்பிக்கைக்கு மட்டும் ரெண்டு சுத்து ஜாஸ்தி சுத்துறேன். கப்பலு ஆடிகினே போவுமாமே."

நான் போட்டோ எடுத்தேன். ப்ராஜெக்ட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் அது இருக்கிறது. கீழே என் வாசகம்: 'சுற்றுச்சூழலுக்கு உகந்த மரபான பேக்கிங் முறை.' ஐந்தாம் செமஸ்டரில் தாவர நோய்த் தடுப்பு விதிகளைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பேக்கிங்கில் வைக்கக் கூடாதவை உமி, வைக்கோல், மரப்பட்டை என்று வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அதே கையால்தான் போட்டோவும் எடுத்தேன். இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

பெட்டியை ஆணி அடித்து ஏற்றி அனுப்பிய மறுநாள், கேளம்பாக்கம் சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது ஷிப்பிங் ஏஜென்ட் போன் செய்தார். பேக்கிங் பற்றிய உறுதிமொழிப் படிவம் பாக்கி, ஒரு மணி நேரத்துக்குள் வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் போய்விடும் என்றார். வாட்ஸ்அப்பில் படிவம் வந்தது. தடை செய்த பேக்கிங் பொருள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இல்லை. மரம்? ஆம். சூடேற்றியதா? ஆம், ஆம்! எனக்குத் தெரிந்த கேள்வி அதுதான், அதை நோக்கி ஓடினேன். முதல் கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. பஸ் நகர்வதற்குள் அனுப்பிவிட்டேன்.

வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நாற்பத்தோராம் பக்கத்தைத் தட்டி, "சஸ்டெயினபிள்! வெரி குட்!" என்றார். ஹாலை விட்டு வெளியே வந்து போனைப் பார்த்தேன். ஏஜென்ட்டின் மெயில். ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். வைக்கோல். உறுதிமொழி பொய். சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

பட்டறைக்குப் போய், வைக்கோலால் தடை என்று மட்டும் சொன்னேன். படிவத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"அவுங்க ஊர்ல மாடே இல்லியா?" என்றார் மாமா, நிஜமாகவே புரியாமல்.

அக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நாந்தான் சுத்துனேன். ரெண்டு சுத்து ஜாஸ்தி வேற."

அடுத்த ஐந்து வாரம் நான் மெயில் மேல் மெயில் போட்டேன். வைக்கோலை எரித்துவிட்டுச் சிலையை மட்டும் விடுங்கள் என்றேன். செய்யலாம், ஆனால் அங்கே வாங்குகிறவர்கள் பொறுப்பேற்க வேண்டும், வரிசைப்படிதான் நடக்கும் என்றார்கள். கும்பாபிஷேகத் தேதி நெருங்கியது. மாமா ஒவ்வொரு நாளும் காலையில் போன் செய்து, "இன்னாமா, வுட்டானா?" என்று கேட்பார். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். தேதி கடந்தது. எங்கிருந்தோ வேறொரு பிள்ளையாரை வரவழைத்து நிறுத்திவிட்டோம், மன்னியுங்கள், இனி எங்களுக்கு அது வேண்டாம் என்று கோயில்காரர்கள் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அன்றுதான் சொன்னேன். பட்டறையில் கல்தூள் பறந்துகொண்டிருந்தது. மாமா மெஷினை நிறுத்தினார்.

"வைக்கோல் கீதான்னு பேப்பர்ல கேட்டான் மாமா. நான்தான் படிக்காம இல்லன்னு போட்டேன். படிச்சிருந்தா பெட்டிய நிறுத்தி மாத்திக் கட்டியிருக்கலாம். அக்கா மேல தப்பே இல்ல. என் தப்பு."

அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா என் தோளில் கை வைத்தாள்.

"நீ இன்னாடி பண்ணுவ? பேப்பர்ல இன்னா எழுதுனா இன்னா, உள்ள கீறது வைக்கோல்தான? சுத்துனது யாரு, நானு."

மறுபடி விளக்கினேன். எத்தனை விளக்கினாலும் அவர்களுக்கு அது என்னைத் தேற்ற வேண்டிய விஷயமாகவே இருந்தது. மூன்று வருடம் படித்த படிப்பைக் கொண்டு என் குற்றத்தை அந்த இரண்டு பேருக்குப் புரியவைக்க முடியவில்லை. புரியாமல் எப்படி மன்னிப்பார்கள்? அக்கா இப்போது சிலை கட்டுவதில்லை. தெர்மோகோல் வாங்கி வைத்து வேறு ஆளைக் கட்டச் சொல்கிறாள்.

கடைசியாக ஏஜென்ட்டிடமிருந்து இன்னொரு படிவம் வந்தது. இரண்டே கட்டங்கள். ஒன்று, திருப்பி அனுப்புவது. இன்னொன்று, அழிப்பது. திருப்பிக் கொண்டுவரும் செலவுக்கு இன்னும் இரண்டு பிள்ளையார் செதுக்கிவிடலாம் என்று மாமாவுக்கே தெரியும்.

"அழிக்கிறதுன்னா எப்டி? உளியாலயா?"

"மெஷின்ல மாமா. ஒடச்சி ஜல்லியாக்கிடுவாங்களாம்."

அவர் கையிலிருந்த கல்தூளை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"கண்ணு தொறக்கல இல்ல? அப்ப இன்னும் கல்லுதான். ஒடைக்கட்டும்."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் போனை எடுத்து, படிவத்தின் ஒவ்வொரு வரியையும், பொடி எழுத்து உட்பட, மூன்று முறை படித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தை அவசரப்படாமல் செய்தேன். பிறகு இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.