பாய் எடுத்த கால் அளவு

சாய்சரண் முதல் வேலைக்கு இன்டர்வியூ போகவேண்டிய சமயம். அவன் அப்பா வேம்பு தன் பழைய பழுப்பு பேண்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு, கச்சேரி ரோட்டுச் சந்தில் இருந்த கரீமுல்லா பாயின் தையல் கடைக்குப் போனார்.

"பையனுக்கு ஆகறாப்ல பண்ணிக் குடுங்கோ பாய்."

பாய் முழங்காலில் நைந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் அவர் கொடுத்த பேண்ட் புதுசு போல மொடமொடவென்று இருந்தது.

"துணிய உள்வெளியா திருப்பித் தைச்சேன் சாமி. உள்பக்கம் நல்லாத்தான் கீது."

வேம்பு நம்பினார். பையனுக்கு வேலையும் கிடைத்தது. சில மாதம் கழித்து அந்தப் பழைய பழுப்பு பேண்ட், நைந்த முழங்காலோடு, பாயின் மெஷின் மேல் தூசிக்கு மூடியாகக் கிடந்தது. வேம்பு அதைப் பார்த்தார். அவர் பார்த்ததைப் பாயும் பார்த்தார். இரண்டு பேரும் மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிரிந்தார்கள்.

வேம்புவுக்கு மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல் வேலை. அஞ்சாம் கிளாஸோடு படிப்பு நின்றுவிட்டது. மனைவி போனபிறகு, பெங்களூரில் இருந்த சாய்சரண் வீட்டுக்கு வருவதும் குறைந்துபோனது. போன் செய்தால் "சாப்டியாப்பா?", "ஆச்சுடா". அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

அப்படிப்பட்ட பிள்ளை ஒருநாள் தானாகவே கூப்பிட்டான்.

"அப்பா, அடுத்த மாசம் வரேன். என் சைக்கிளையும் எடுத்துண்டு வரேன். ஒனக்கும் இதே மாதிரி லேசான ரோடு சைக்கிள் ஒண்ணு வாங்கித் தரேன். ஞாயித்துக்கிழமை கார்த்தால ரெண்டு பேருமா திருவான்மியூர் கோயில் வரைக்கும் போயிட்டு வரலாம். வரயா?"

அந்தக் கோயில் மருந்தீஸ்வரர்தான் பிள்ளையின் வாயில் புகுந்து கூப்பிடுகிறார் என்று வேம்பு நினைத்தார். "வரேன்டா" என்றார்.

"ஃபிரேம் சைஸ் சொல்லணும். சைக்கிளோட சட்டம் ஆளுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும். இல்லேன்னா முட்டி போயிடும். ஒரு கெட்டிப் புஸ்தகத்தைக் காலுக்கு நடுவுல நன்னா மேல அழுத்தி வெச்சுண்டு, அங்கேர்ந்து தரை வரைக்கும் அளக்கணும்."

வேம்பு கன்னத்தில் போட்டுக்கொண்டார். கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற வஸ்து. அதைப் போய் அந்த இடத்திலா? சைக்கிளில் நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்று என்னென்னவோ எண் வேறு சொன்னான். எது சட்டம், எது கால் என்று ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளையிடம் மறுபடி கேட்கக் கூச்சம். நேரே பாயிடம் போனார்.

"புக்கா? யா அல்லா, அதெல்லாம் வேணாம்" என்று பாயும் காதைப் பொத்திக்கொண்டார். "உன் காலு எனக்குத் தெரியாதா சாமி? எத்தினி தீவாளிக்குத் தைச்சிருக்கேன்." இருந்தாலும் ஒருமுறை டேப்பைப் பிடித்து அளந்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

போனில் அதைக் கேட்ட சாய்சரண் சற்றுத் தயங்கினான். "ஒன் ஒசரத்துக்குக் கம்மியா இருக்கேப்பா?"

"பாய் எடுத்த அளவுடா."

அவனும் அந்த அளவுக்கே ஆர்டர் போட்டான்.

சைக்கிள் வந்தது. சிவப்பு நிறம், ஒரு கையால் தூக்கிவிடலாம். வேம்பு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கோயில் குளத்தைச் சுற்றி ஓட்டினார். முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்கிற மாதிரி வந்தது. சீட்டை ஏற்றினார். ஹேண்டில்பார் கீழே போய் முதுகு பிடித்துக்கொண்டது. இறக்கினார். முட்டி வலித்தது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய வண்டியில் குறை இருக்குமா? குறை தன் உடம்பில்தான், ஐம்பதைத் தாண்டியவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று பகவான் சொல்கிறாரோ? ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பிள்ளை மறுபடி கூப்பிடுவானா?

சைக்கிளை உருட்டிக்கொண்டு கடையைத் தாண்டும்போது பாய் பார்த்துவிட்டார்.

"இன்னா சாமி, நொண்டிக்கினு போற?"

"வயசாயிடுத்து பாய். சனிக்கிழமை வரான். என்னால ஆகாதுன்னு சொல்லிடப் போறேன்."

"ஏறு. சுவத்தப் புடிச்சிக்கினு உக்காரு."

வேம்பு ஏறினார். பாய் எதிரே நின்று பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். முகம் மாறிப்போனது. துணி சுற்றி வரும் நீள அட்டை ஒன்றை உள்ளேயிருந்து கொண்டுவந்தார்.

"எறங்கு. இத்த காலுக்கு நடுவுல வச்சி மேல அழுத்து. கூச்சப்படாத, நான் அந்தாண்ட திரும்பிக்கறேன்."

அட்டையிலிருந்து தரை வரை அளந்தவர் டேப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"நான் பேண்ட்டத்தான் அளந்தேன் சாமி, கால அளக்கல. மரியாதிக்கு டேப்ப கொஞ்சம் எறக்கித்தான் புடிப்போம். துணிக்கு அது போதும், சைக்கிள் சட்டம் சின்னதாப் பூட்ச்சி. இரும்பு வுட்டுக் குடுக்குமா? உன்மேல தப்பில்ல."

வேம்புவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மேலே இரண்டு விரல் டேப் இறங்கினால் கீழே முட்டி எதற்கு வலிக்க வேண்டும்? ஆனாலும் தன்மேல் தப்பில்லை என்ற ஒன்று நெஞ்சில் இறங்கியது.

பாய் அங்கேயே சாய்சரணுக்குப் போன் போடச் சொல்லி வாங்கினார். "தம்பி, தப்பு என்னுது. நைனாவ ஒண்ணும் சொல்லாத. உன் சைக்கிள்ல அவர உக்கார வச்சிப் பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே காலு. அந்த இன்டர்வியூ பேண்ட்ட அவரு அளவுலதானே புதுசா..." பாதியில் நிறுத்திவிட்டு வேம்புவைப் பார்த்தார். வேம்பு சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சாய்சரண் தன் சைக்கிளை அப்பாவிடம் கொடுத்தான். சிவப்புச் சைக்கிளில் முழங்கால் இடிக்க இடிக்க அவன் ஏறிக்கொண்டான். அடையாறு பாலத்தில் காற்று எதிரே அடித்தது. வேம்புவுக்கு முட்டி வலிக்கவில்லை.

"தவளையாட்டம் இருக்கேடா" என்றார்.

"சிரிக்காம ஓட்டுப்பா. ரெண்டு பேருக்கும் ஒரே காலுன்னு எனக்குத் தோணவே இல்ல பாரேன்."

கோயிலில் வேம்பு மகன் பேரோடு பாயின் பேரையும் சொல்லி வேண்டிக்கொண்டார்.

சிவப்பைச் சைக்கிள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதாக மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பெரிய சைக்கிளில்தான் வேம்பு கடைசியாகப் பாயைப் பார்க்கப் போனார். பாய், மகள் ருக்சாரோடு இருப்பதற்காக வாணியம்பாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மெஷினை மினி லாரியில் ஏற்றியாகிவிட்டது. அதன் மேல் அதே பழுப்புத் துணி.

வேம்பு சைக்கிளில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அந்தத் துணியின் சுருக்கத்தை இழுத்துவிட்டார். பாய் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சைக்கிள்மேல் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உக்காந்தா பேண்ட்டு கணுக்காலுக்கு மேல ஏறுது சாமி. இனிமே வேற எவன்கிட்ட தைச்சாலும், ரெண்டு வெரலு சேத்து வைக்கச் சொல்லு. மரியாதி பாக்காம அளக்கச் சொல்லு."