வில்பிரட் அண்ணன் நிறுத்தாத பாட்டு

வில்பிரட் அண்ணனுக்குப் பாட்டை ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. 2004இல் அவர் எங்கள் பேண்டில் சேர்ந்த முதல் வாரமே, தோகாவில் ஓர் ஓட்டலில், இது எங்களுக்குத் தெரிந்துபோனது. எங்களுடையது கவர் பேண்ட். அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய ஸோல் பாட்டுகளை அச்சு அசலாக வாசித்துக்கொண்டு துபாய், மஸ்கட், பஹ்ரைன் என்று ஓட்டல் ஓட்டலாகச் சுற்றுவோம். பாடுகிறவள் மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ்காரி. நாகூர் கௌஸ் முகைதீனாகிய நான் கீபோர்டு. அன்றைக்கு மரிசெல் பாடி முடித்துக் குனிந்து வணக்கமும் சொல்லிவிட்டாள். அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டே இருந்தார்.

விசாரித்தால், கோயில் பழக்கமாம். உவரிப் பக்கத்து மாதா கோயிலில் பன்னிரண்டு வருடம் பாடகர் குழுவுக்கு வாசித்தவர். அங்கே காணிக்கைப் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. கடைசி வரிசைவரை காணிக்கைத் தட்டு போய்த் திரும்புகிறவரைக்கும் அதே இரண்டு அடியைத் திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டியதுதான்.

"பாதியில நிறுத்துனா சாமியாரு மொறைப்பாருடே," என்றார்.

மரிசெல் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் இரண்டே மாதத்தில் எங்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சாப்பிட வந்த ஜனம் கரண்டியைப் போட்டுவிட்டு ஆட எழுந்ததே அந்தக் கடைசி இழுவையில்தான். பிறகு எல்லாப் பாட்டையும் நாங்கள் காணிக்கைப் பாட்டாக்கிவிட்டோம்.

அண்ணி அற்புதராணி தம்மாமில் நர்ஸ். ருவைஸ் எண்ணெய் ஆலையில் டெக்னீஷியன் வேலையை விட்டுவிட்டு அண்ணன் கிட்டாரைத் தூக்கியதை அவர் மன்னிக்கவேயில்லை. அடுத்த வருடம் ருவைஸிலிருந்து பழைய சூப்பர்வைசர் உமாபதி கூப்பிட்டார். இடம் காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்றார். அந்த வெள்ளிக்கிழமை மதியம் எங்களுக்குப் பஹ்ரைனில் வாசிப்பு. கடல் பாலத்தைத் தாண்டினால் தம்மாம் பக்கந்தான்.

அண்ணி போனில் தீர்மானமாகச் சொன்னார்: "ஒரு தடவ வந்து கேக்கேன். எனக்குச் சரின்னு படலன்னா நீங்க ருவைஸுக்குப் போயிரணும்."

அண்ணன் சரி என்றுவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! இப்படி ஒரு ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்?

அண்ணியின் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, அதாவது கபீல், ஒரே ஒரு நாளுக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தார். அண்ணி தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு நர்ஸுகளோடு வாடகை வண்டியில் கிளம்பினார். பாலத்தில் பாஸ்போர்ட் கவுண்டருக்கு முன்னால் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. மணி இரண்டரைக்குத்தான் போன் வந்தது. "முத்திரை குத்தியாச்சு. வந்துகிட்டே இருக்கோம்."

ஓட்டல் மேனேஜரோ மூன்று மணிக்குமேல் புதுப் பாட்டு கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஆரம்பித்த பாட்டை எப்போது முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் என்னைப் பார்த்தார்.

"கௌஸு, தட்டு இன்னும் பாலத்துலதான் வந்துகிட்டிருக்கு."

ஆரம்பித்தோம். மூன்றானது, மூன்றே கால் ஆனது. மரிசெல் பாட வரியில்லாமல் பிரியாணியின் பெயரையும் பரிமாறுகிறவர்களின் பெயர்களையும் பாடினாள். அவர்கள் தட்டுகளோடு ஆடினார்கள். மேனேஜர் முதலில் கடிகாரத்தைக் காட்டினார், பிறகு கும்பிட்டார், கடைசியில் அவரும் தோளைக் குலுக்கத் தொடங்கினார். என் விரல்கள் மரத்துப்போய்விட்டன. ஆனாலும் என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக வாசித்ததில்லை.

மூன்று இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. கறுப்பு அபாயாவும் கையில் பாஸ்போர்ட்டுமாக அண்ணி. கூட வந்த நர்ஸுகள் உடனே கைதட்டினார்கள். அண்ணி தட்டவில்லை. காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனுக்கு வேர்வை கொட்டுகிறது, பல்லெல்லாம் தெரிகிறது, வாசிப்பை மட்டும் நிறுத்தவில்லை.

நாலைந்து நிமிடம் கழித்து அண்ணி மேடைக்குப் பக்கத்தில் வந்து, போதும் என்று கையைக் காட்டினார். அண்ணன் நிறுத்தினார். கூடமே கைதட்டியது.

"போனத் தாங்க. உமாபதி சாருக்குப் போடுங்க."

அண்ணன் எண்ணை அழுத்திக் கொடுத்தார்.

"சார், நான் வில்பிரட் வீட்டுக்காரி பேசுதேன். அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருங்க. அங்கயிருந்து லீவுல வரும்போதெல்லாம் இவரு மொகம் செத்துல்லா கெடக்கும். நான் கெட்டுன ஆள இன்னிக்கித்தான் சார் மறுபடியும் பாக்கேன்."